யாரும் ஓட்டாத ரயிலில் நாற்பத்தேழு நிமிடம்

ரயில் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது எப்போதுமே சிரமம். "ரயில் ஓட்டினேன்" என்றால், "அப்படியா, டிரைவரா?" என்று கண்களை விரிப்பார்கள். "இல்லை, அது டிரைவர் இல்லாத ரயில்" என்றால், "அப்ப நீங்க எதுக்கு?" என்பார்கள்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் கணவர். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவர். எனக்கு இந்த வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிரேக் போட ஒரு கால் வேணும்லா. காலே இல்லாத வண்டியில எவன் ஏறுவான்?"

மூன்று வருடம் அவர் அந்த ரயிலில் ஏறவில்லை. கடைசியில் ஒருநாள் என் தொல்லை தாங்காமல் வந்தார். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு நிலையம் நெருங்கும்போதும் வலது காலால் தரையை அழுத்தினார். இறங்கியதும், "பரவாயில்ல, நல்லாத்தான் நிக்குது" என்றார், பாதி பிரேக் தாம் போட்டதுபோல.

இதை எழுதத் தூண்டியவள் தர்ஷினி. நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். தடத்தைத் தானே கவனிக்கும் கணினிக் கேமராக்கள் வரப்போகின்றனவாம்.

"டிராக்ல ஒரு பூனை போனாக்கூட அதுவே கண்டுபிடிச்சு ரயிலை நிறுத்திடுமாம் அக்கா. அப்புறம் நம்மள எதுக்கு வச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். பிறகு, "அந்தப் பெட்டிக்காரர் கதைய நீங்களே ஒருதடவ எழுதிக் குடுங்களேன். இங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தன், நீங்களே டிராக்ல எறங்கி ஓடுனதா சொல்றான்" என்றாள்.

நான் தடத்தில் இறங்கவில்லை. நாற்காலியை விட்டே எழவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மாதம் படிப்பு, நான்கு மாதம் மூத்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது. எங்கள் குழுவில் பதினோரு பேர். நான் ஒருத்திதான் பெண். கிள்ளானிலிருந்து விடியற்காலை கிளம்பிப் போய்வந்தேன். ஒவ்வொரு சுவிட்சின் பெயரும் எனக்குக் கனவில்கூட வந்தது.

கட்டுப்பாட்டு அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு திரை இருக்கும். தடம் முழுவதும் அதில் ஒரு கோடு. ரயில்கள் அந்தக் கோட்டில் நகரும் சிறிய கட்டங்கள். கணினிதான் ஓட்டும், நிறுத்தும், கதவைத் திறக்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை எங்களுக்குக் கைவேலை குறைவு. ஒழுங்கு கெட்டால் மட்டும் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பேருக்கு நாங்கள்தான் டிரைவர். ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அவசரப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும், நான் பேசுவேன். பயணிகளுக்கு எங்கள் முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

எங்கள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ரோஸ்லான். மலாய் வழக்கப்படி 'என்சிக்', அதாவது ஐயா, என்றுதான் அவரை அழைப்போம். மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடி எப்போதும் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கும். கணினிகள் சூழ்ந்த அந்த அறையில் பென்சிலும் காகிதமும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பிரச்சினை பெரிதாகப் பெரிதாக அவர் குரல் இறங்கும். நாங்கள் கத்தினால் அவர் முணுமுணுப்பார். அவர் சொல்வது கேட்க வேண்டும் என்பதற்காகவே அறை அமைதியாகிவிடும்.

எந்தத் தகவலைக் கொண்டுபோனாலும் அவரிடமிருந்து மூன்று கேள்விகள் வரும். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? எப்போது தெரிந்தது? மலாயில்தான் கேட்பார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது அவருக்குத் தகவல். இல்லையென்றால், "அது பேச்சு, இந்திராணி" என்பார், கோபமே இல்லாமல். அவர் ஓர் உத்தரவு கொடுத்தால் அதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் அது எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல எரிச்சலாக இருந்தது.

நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போன வருடம், ஓய்வறைத் தொலைக்காட்சியில் எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். ராக்கெட் எழும்பியதும் கைதட்டினோம். "அத்தனை உயரம் போயி என்ன செய்யப்போறாங்க? இங்க ரோட்டுல பள்ளத்த மூட ஆளில்ல" என்று தமிழ்த் தோழர் ஒருவர் சொன்னார். ரோஸ்லான் மட்டும் திரையின் வேறொரு மூலையைக் காட்டினார். அங்கே தரையில், மேசைகளுக்கு முன்னால், காதில் கருவி மாட்டிய சிலர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.

"அவர்களைப் பார்," என்றார் என்னிடம். "இன்னும் வேலை முடியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்."

தர்ஷினி கேட்ட நாள், நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடங்களுக்கு முன்பு வந்தது. வாரநாள், மாலை ஐந்தரைக்கு மேல். வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரம். நம் ஊர் மாலை மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அன்று மழையோடு இடியும் சேர்ந்துகொண்டது. ஐந்து நாற்பத்து நான்குக்கு ஒரு மின்னல் விழுந்து தடத்தின் ஒரு பகுதிக்கு மின்சாரம் போய்விட்டது. சுவர்த்திரையில் ஒரு முழம் நீளத்துக்குச் சிவப்பு.

அந்தப் பகுதியிலிருந்த ரயில்களில் சில, ஓடிய வேகத்திலேயே நிலையங்களுக்குள் போய் நின்றுவிட்டன. பன்னிரண்டாம் ரயில் மட்டும் இரண்டு நிலையங்களுக்கு நடுவில், உயரப் பாலத்தின் மேல் நின்றது. நான்கு பெட்டிகள். அவசர விளக்கு எரியும், ஏர்கான் ஓடாது. அதன் பின்னால் வர வேண்டிய ரயில்களெல்லாம் நிலையங்களில் கூட்டத்தோடு காத்துக்கிடந்தன.

நான் ஒலிபெருக்கியில் பேசினேன். "தொழில்நுட்பக் கோளாறு. பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கதவுகளைத் திறக்க வேண்டாம்." மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். பத்து நிமிடத்தில் சரியாகுமா என்று எனக்குத் தெரியாது. மக்கள் பதறாமல் இருப்பதற்கு அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம்.

உடனே மணிகள் அடிக்கத் தொடங்கின. ஒருவர், தம் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரம்மா ஆறரைக்குக் கிளம்பிவிடுவார் என்றார். ஒரு பெண் மூச்சு முட்டுகிறது என்றாள். அவளை உட்காரவைத்து, பக்கத்திலிருப்பவர்களை விலகி நிற்கச் சொன்னேன். இன்னொருவர் ஆங்கிலத்தில் கத்தினார். நிலாவில் வண்டி ஓட்டுகிறார்கள், செவ்வாயில் வண்டி ஓட்டுகிறார்கள், உங்களால் இங்கேயிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு ரயிலை ஓட்ட முடியாதா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் கேட்டதில் தப்பில்லை.

பத்து நிமிடம் கழிந்ததும் அதே அறிவிப்பை மறுபடி சொன்னேன். ஐந்து ஐம்பத்தாறுக்கு இரண்டாம் பெட்டியின் கதவு ஒன்று திறந்ததாக என் திரையில் எச்சரிக்கை வந்தது. உள்ளே அவசரக் கைப்பிடியை யாரோ இழுத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் கதவு மூடியதாகவும் காட்டியது. அந்தப் பெட்டியை அழைத்தேன். "காத்து வரட்டும்னு தொறந்தாங்க, மூடியாச்சு, யாரும் எறங்கல" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் சொல்லின.

இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தடத்தின் ஓரமாக மின்தண்டவாளம் ஓடும். மேலே மூடி போட்டிருந்தாலும், மின்சாரம் இருக்கும்போது அதைத் தொட்டால் பிழைக்க முடியாது. அதனால் ஒரு கதவு திறந்துவிட்டால், மின்கோளாறு சரியாகிவிட்டாலும் மின்சாரத்தைத் திருப்பித் தரக் கூடாது. இரண்டு பக்க நிலையங்களிலிருந்தும் ஊழியர்கள் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் "தடம் காலி" என்று சொன்ன பிறகே கொடுக்கலாம்.

பின்பக்க நிலையத்திலிருந்து இருவர் மழையில் நடந்து ரயில்வரை போனார்கள். கதவைப் பூட்டினார்கள். கைவிளக்கு அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். "தடம் காலி." முன்பக்க நிலையத்திலிருந்து ஹாபிஸ் என்ற ஊழியர் போனார். அவர் போன நேரத்தில் பக்கத்திலேயே இடி விழுந்தது. பாலத்தின் வளைவுவரை போய், விளக்கு எட்டிய தூரம் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அவரும் சொன்னார், "தடம் காலி." அவர் ரயில்வரை போகவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இடியில் நானாக இருந்தாலும் திரும்பியிருப்பேன். கேமராக்களில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. அவற்றிலும் ஆள் யாரும் தெரியவில்லை.

மணி ஆறு பதினைந்து. மின்கோளாறும் சரிசெய்தாகிவிட்டது. மழையும் குறைந்துவிட்டது. பக்கத்து மேசையில் மின்சாரப் பொறுப்பாளர் உத்தரவுக்காகக் காத்திருந்தார். ரோஸ்லான் பென்சிலால் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அப்போது என் மேசையில் மணி அடித்தது. பன்னிரண்டாம் ரயில், நான்காம் பெட்டி. ரயில் போகும் திசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் பெட்டி அது.

மலாயில் ஆரம்பித்தார். குரலைக் கேட்டதும் தமிழர் என்று தெரிந்தது. நானும் தமிழுக்கு மாறினேன்.

"சொல்லுங்க ஐயா. என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாம்மா. எனக்குக் கண்ணு தெரியாது. ஒன்னு சொல்றேன், சிரிக்கக்கூடாது. வெளியில யாரோ நடக்கறாங்க."

"எங்க ஆளுங்க செக் பண்ண வந்தாங்க ஐயா. அவங்களா இருக்கும்."

"அவங்க அப்பவே போயிட்டாங்க. ரெண்டு பேரு, பூட்ஸ் போட்டிருந்தாங்க, பின்னால போனாங்க. இது வேற. ஒத்த ஆளு. எனக்கு இடது பக்கம், முன்னுக்குப் போறாரு. பெட்டி இழுத்துக்கிட்டுப் போறாரும்மா."

"பெட்டியா?"

"சக்கரம் வச்ச பெட்டி. கீழ தகரம் போட்டிருக்கீங்களா? ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும் டக் டக்குன்னு ஏறி எறங்குது. ஒரு சக்கரம் கீச்சுங்குது. ஏர்கான் இல்லாததாலதான் எனக்கே கேக்குது. இங்க இருக்கறவங்ககிட்ட கேட்டேன். ஒன்னுமே தெரியலைங்கறாங்க."

அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ரயிலின் பக்கவாட்டு முழுவதும், கண்ணாடிகளின் மேலும்கூட, விளம்பரப் படம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம், வெளியே இருட்டிக்கொண்டு வந்த மழைவானம்.

"தாஹான்!" என்று கத்திவிட்டேன். பொறுங்கள் என்று அர்த்தம். பக்கத்து மேசைக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அறை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ரோஸ்லான் எழுந்து வந்தார். குரல் ஏற்கனவே இறங்கியிருந்தது.

"யார் சொன்னது?"

"நான்காம் பெட்டியில் ஒரு பயணி. தடத்தில் ஆள் இருக்கிறார் என்கிறார்."

"அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்தாரா?"

"இல்லை என்சிக். அவருக்குப் பார்வை இல்லை. கேட்டாராம்."

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தது கேட்டது. ரோஸ்லான் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பூட்ஸ், இடது பக்கம், தகரம், சக்கரம், கீச்சுச் சத்தம். அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து அந்தக் காகிதத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"பயத்தில் காலடிச் சத்தம் கேட்டதாக யாரும் கற்பனை செய்யலாம்," என்றார். "சக்கரப் பெட்டியை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். மின்சாரம் வேண்டாம். இரண்டு பக்கமும் மறுபடி நடக்கச் சொல். இந்தத் தடவை இரண்டு பக்க ஆட்களும் ஒருவரையொருவர் கையால் தொட்ட பிறகுதான் எனக்குச் சொல்ல வேண்டும்."

திருப்பிச் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை.

அடுத்த சில நிமிடங்களில் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. நிலையங்களில் கூட்டம் தாங்க முடியவில்லை, கோளாறு சரியான பிறகும் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். எப்போது ஓடும் என்றும் கேட்டிருக்க வேண்டும். "தெரியாது. தெரிந்ததும் சொல்கிறேன்," என்று மட்டும் சொல்லி ரோஸ்லான் வைத்துவிட்டார்.

ஆள் இல்லையென்றால்? ஆயிரக்கணக்கான பேரை நான் ஒரு சத்தத்தை நம்பி நிறுத்திவைத்திருக்கிறேன். மூச்சு முட்டுகிறது என்ற பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான்காம் பெட்டியின் இணைப்பை மட்டும் நான் துண்டிக்கவில்லை.

"ஐயா, இன்னும் கேக்குதா?"

"இல்லம்மா. தூரமாப் போயிட்டாரு. இல்லாட்டி நின்னுட்டாரு."

"உங்க பேரு என்ன ஐயா?"

"மரியதாஸ். பிரிக்பீல்ட்ஸ்ல மசாஜ் சென்டர்ல வேலை. தெனமும் உங்க ரயில்லதான் வரேன்." நான் பயந்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைத் தேற்றுவதற்காகத்தான் பேசினார் என்று இப்போது நினைக்கிறேன். "எனக்கு இந்த ரயிலு புடிக்கும்மா. எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் கதவுன்னு அதுவே சொல்லிடுது. பஸ்ஸுல டிரைவர் மூட் பாத்துல்ல கேக்கணும். மிஷினு என்னைப் பாத்துப் பரிதாபப்படாது, அது ஒரு நிம்மதி."

"டிரைவர் இல்லைன்னு பயமா இல்லீங்களா?"

"எனக்கு எந்த வண்டியிலயும் டிரைவர் தெரியமாட்டாரும்மா." சிரித்தார். "ஒன்னு கேக்கணும். மேல, விண்வெளியில, சத்தமே கேக்காதாமே? ரேடியோல சொன்னாங்க."

"ஆமாங்க. அங்க காத்து இல்ல."

"அப்ப அந்த வேலைக்கு நான் லாயக்கில்ல."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்த மாத்திரத்தில் கண்ணில் நீர் வந்தது. அதே நேரம் கையில் வைத்திருந்த வானொலிக் கருவியில் ஹாபிஸின் குரல் கேட்டது. மூச்சிரைத்துக்கொண்டு பேசினார்.

"ஜும்பா, ஜும்பா! கண்டுபிடித்துவிட்டேன். ஒரு ஆண். பெட்டியோடு. வளைவுக்கு அந்தப் பக்கம். மின்தண்டவாளத்தின் மூடி மேல் உட்கார்ந்திருக்கிறார்."

நடந்து களைத்துப்போய், பெஞ்சு என்று நினைத்து அதில் உட்கார்ந்திருக்கிறார். நனைந்த உடம்பு, நனைந்த கால்கள்.

ரோஸ்லான் நேரத்தைக் குறிக்கப் பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. பென்சிலை என் பக்கம் தள்ளி, "நீ எழுது, இந்திராணி," என்றார்.

ஆறு இருபத்தாறு. எழுதினேன்.

இரு பக்க ஆட்களும் சந்தித்துக் கையைத் தொட்டுக்கொண்ட செய்தி வந்தது. அந்த மனிதரை நிலையத்தில் ஏற்றினார்கள். ஆறு முப்பத்தொன்றுக்கு மின்சாரம் கொடுத்தோம். மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். மரியதாஸின் பெட்டியில் ஏர்கான் ஓடத் தொடங்கும் இரைச்சல் எனக்கும் கேட்டது.

"கெடைச்சுட்டாரு ஐயா. உசுரோட இருக்காரு."

"கர்த்தருக்குத் தோத்திரம்," என்றார். "சரிம்மா. இனிமே இந்தச் சத்தத்துல எனக்கு ஒன்னும் கேக்காது. நான் போயிட்டு வரேன்."

கண்டெடுத்த மனிதருக்கு மலாய் தெரியவில்லை, ஆங்கிலமும் தெரியவில்லை. நடுங்கிக்கொண்டிருக்கிறார், தமிழ் பேசுகிறார், நீங்கள் பேசுங்கள் என்று ஹாபிஸ் தொலைபேசியை அவரிடம் கொடுத்தார். திட்ட வேண்டும் என்றுதான் எடுத்தேன். உன்னால் எத்தனை பேர் தெரியுமா என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். மறுமுனையில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பெட்டி நனைஞ்சிருச்சாங்க?" என்றுதான் வாயில் வந்தது.

அவர் அழத் தொடங்கினார். பெயர் செல்வராசு. அறந்தாங்கிப் பக்கம். நகரின் மறுகோடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை மாஸ்டர். நான்கு வருடம் கழித்து முதல் விடுப்பு. அவர் இங்கே வந்த பிறகு பிறந்த மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. எட்டரைக்கு விமானம். எங்கள் ரயிலில் வந்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் இறங்கி, விமான நிலைய ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"பத்து நிமிசம்னு சொன்னாங்க மேடம். பத்து நிமிசம் ஆச்சு. திரும்பவும் பத்து நிமிசம்னாங்க. அடுத்த ஸ்டேசன் வெளிச்சம் தெரிஞ்சுது. நடந்துடலாம்னு, கதவத் தொறந்தப்ப கூட்டத்துல யாரும் கவனிக்காம எறங்கிட்டேன். கொஞ்ச நேரம் ரெண்டு பெட்டிக்கு நடுவுல மழைக்கு ஒதுங்கி நின்னேன். டார்ச் அடிச்சிக்கிட்டு வந்தவங்ககிட்ட மாட்டிக்குவேன்னு பயந்து சத்தம் காட்டல. விட்டதும் நடந்தேன்."

பத்து நிமிடம் என்று சொன்னது என் குரல். அவருக்கு அது தெரியாது.

விமானம் போய்விட்டது. ரோஸ்லான் நிலையத்துக்கே நேரில் போனார். தம் லாக்கரிலிருந்த மாற்றுச் சட்டையை எடுத்துப் போயிருந்தார். காவல்துறையினர் வந்தபோது செல்வராசு அந்தப் பெரிய சட்டைக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் என்று ஹாபிஸ் சொன்னார். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை நடந்தது. குழுவிலிருந்த ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். "கேமராக்கள் இருந்தன. ஊழியர்கள் இரு பக்கமும் காலி என்றார்கள். பயணிகள் யாரும் இறங்கவில்லை என்றார்கள். நீங்கள் பார்வையில்லாத ஒருவரை நம்பினீர்கள். ஏன்?"

அவர்கள் எல்லாரும் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னார்கள், அவர் தாம் கேட்டதைச் சொன்னார் என்றேன். அப்போதைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஹாபிஸைப் பற்றிக் கேட்டபோது ரோஸ்லான் குறுக்கிட்டார். ஆள் ரயில்வரை நடக்க வேண்டும் என்று உத்தரவில் தெளிவாகச் சொல்லாதது தம் தவறு என்றார். அது முழு உண்மை அல்ல. ஹாபிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் எங்கள் முறைப் புத்தகத்தில் "ஒருவரையொருவர் தொட்ட பிறகு" என்ற வரி சேர்ந்தது. இன்றும் இருக்கிறது.

மரியதாஸைப் பார்த்து நன்றி சொல்ல ஒரு விடுமுறை நாளில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். மசாஜ் நிலையத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. "வணக்கம் ஐயா" என்றதும் முகத்தைத் திருப்பினார்.

"வாங்கம்மா. பத்து நிமிசம் அம்மாதானே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாலு தடவ சொன்னீங்க. நான் எண்ணுனேன். கண்ணு தெரிஞ்சவன் சன்னல்ல பாத்து, இவ சும்மா சொல்றான்னு கண்டுக்குவான். என்னை மாதிரி ஆளு அந்தக் கொரலைத்தான் நம்பி உக்காந்திருக்கோம். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. அதுக்கெல்லாம் நாங்க பயந்துக்க மாட்டோம்."

அவர் கடிந்துகொள்ளவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை தெரியாத நேரத்தை நான் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. "எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்னும் தெரியவில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்களோடு பேசுவேன்" என்று சொல்வேன். பேசவும் செய்வேன். பயணிகள் கதவைத் திறப்பது குறைந்துதான் போனது.

செல்வராசுவுக்குக் கடை முதலாளி மறுபடி விடுப்புக் கொடுத்தார். அடுத்த மாதம் விமானம். கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வராசு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ரயில்ல ஏறவே பயமா இருக்குக்கா. டாக்சியில போயி, ரோட்டு நெரிசல்ல பிளைட்ட விட்டவங்களும் இருக்காங்கங்கறாங்க. என்ன செய்யட்டும்?" நான் வருகிறேன் என்றேன். மரியதாஸிடம் சொன்னபோது, "நானும் வரேன், எனக்கும் அந்த ஆளப் பாக்கணும்" என்றார். பார்க்கணும் என்றுதான் சொன்னார்.

மூவரும் செல்வராசுவின் கடைப் பக்கத்து நிலையத்தில் சந்தித்தோம். செல்வராசு மரியதாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் வந்தது. கதவு திறந்தது. செல்வராசு அசையவில்லை. கதவு மூடி ரயில் போனது. அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது வரும்போது மரியதாஸ் தம் கைத்தடியை மடித்துத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் கையப் புடிச்சு ஏத்தி விடுங்க. எனக்கு இந்த ரயில்ல ஏறத் தெரியாது."

தினமும் தனியாக ஏறி இறங்குபவர். நான் வாயைத் திறக்கவில்லை. செல்வராசு உடனே பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, "பாத்து சார், இடைவெளி இருக்கு, காலத் தூக்கி வைங்க" என்று சொல்லிக்கொண்டே அவரை உள்ளே கூட்டிப்போனார். கதவு மூடியபோதுதான் தாமும் உள்ளே இருப்பதைக் கவனித்தார்போல.

வழியில் ஓரிடத்தில் மரியதாஸ் தலையைச் சாய்த்து, "இந்த வளைவுதான்" என்றார் மெதுவாக. நான் வெளியே பார்த்தேன். திரையில் எனக்கு அது அரை அங்குலக் கோடு. இங்கே இரண்டடி அகலத்துக்கு ஒரு தகரப் பாதை, அதன் ஓரமாக நீளமாக ஓடும் மூடி, கீழே வெகு ஆழத்தில் சாலையும் மோட்டார் சைக்கிள்களும். இத்தனை வருடம் வேலை பார்த்து, அந்த இடத்தை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். செல்வராசு வெளியே பார்க்கவேயில்லை. மரியதாஸின் கையைப் பிடித்திருந்தார். யார் யாரைப் பிடித்திருந்தார் என்று சொல்வது கடினம்.

செல்வராசுவை விமான நிலைய ரயிலில் ஏற்றிவிட்டோம். ஒரு வாரம் கழித்து மரியதாஸ் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். செல்வராசு அவருக்குக் கைப்பேசியில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாராம். மேசையில் வைத்து அதை ஓடவிட்டார்.

"சார், நல்லா இருக்கீங்களா. பாப்பா மூணு நாளா கிட்டவே வரல சார். போன்ல பாத்த ஆளு வேற, இது வேறன்னு நெனச்சுக்கிட்டா போல. அவங்கம்மா முந்தானைக்குப் பின்னாடியே நின்னா. நேத்துலேர்ந்து எறங்க மாட்டேங்குறா சார், தோள்லயே இருக்கா."

பதிவு முடிந்தது. "நல்லது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கேட்டுச்சா?" என்றார் மரியதாஸ்.

"கேட்டேனே. தோள்லயே இருக்காளாம்."

"அது இல்லம்மா. கடைசியில. காதுல வச்சுக் கேளுங்க."

கைப்பேசியை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டேன். கடையில் தட்டுகளின் சத்தம், வெளியே பஸ் ஹாரன். மற்றொரு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். செல்வராசு பேசி முடித்து, கைப்பேசியை அணைப்பதற்கு முந்திய அந்த ஒரு நொடியில், அவர் காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குரல், "யாருப்பா?" என்று கேட்டது.